நெயிலைத் திருப்பும் கை

“நாள் 9. காலை 5. மதியம் 5. மாலை 5. மொத்தம் 15. நீளம் 1 மி.மீ. சரிபார்க்கப்பட்டது.”

கீழே ஒரு சுருக்கொப்பம். 2006 ஆகஸ்ட் மாதத்தில், கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்றில், நீல மையில் எழுதப்பட்ட வரி இது. அதன் நகல் என்னிடம் இருக்கிறது. கூட்டலில் பிழை இல்லை, எழுத்தில் அடித்தல் திருத்தல் இல்லை. ஆனால் அந்த ஒன்பதாம் நாளில் பதினைந்து நடக்கவில்லை. எவ்வளவு நடந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், எலும்பை நீட்ட எந்த நெயில் நல்லது என்று என்னிடம் கேட்டு எழுதியிருந்தீர்கள். நெயிலைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியப் போவதில்லை. நான் ஒரு பிசியோதெரபிஸ்ட்; ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகின்றன. நெயிலைத் தேர்ந்தெடுத்தபோது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி வேண்டுமானால் சொல்ல முடியும். பெயரை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். அவளைக் கோமதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோமதிக்கு அப்போது இருபத்து நான்கு வயது. மாதாப்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை. மற்றவர்கள் எழுதிய நிரலில் ஓட்டை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். பத்து வயதில் மௌலா அலி மலைப் படிகளில் ஓடும்போது விழுந்து, வலது முழங்காலுக்குச் சற்று மேலே எலும்பு உடைந்தது. கட்டுப் போட்டுச் சேர்ந்துவிட்டது. ஆனால் உடைந்த இடம் எலும்பு வளரும் இடம். இடது கால் வளர்ந்துகொண்டே போக, வலது தொடை அங்கேயே நின்றுவிட்டது. எங்களிடம் வந்தபோது வித்தியாசம் நான்கு சென்டிமீட்டர். ஒரு செருப்பில் மட்டும் கட்டை வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் சந்திப்பில் அதிகம் பேசியது அவள் அப்பாதான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் ஆய்வுப் பிரிவில் இருந்து அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். மௌலா அலியில் சொந்த வீடு. எங்கள் சர்ஜன் வழிகளை விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டே வந்தார். நடுவில் நிமிர்ந்து, “எல்லாம் சரி டாக்டர். ஒவ்வொண்ணுக்கும் டாலரன்ஸ், அதாவது எவ்வளவு கூடலாம் குறையலாம்?” என்று கேட்டார். கோமதி நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, “அப்பா, இது காலு. பார்ட் இல்ல,” என்றாள்.

அன்றைக்கு எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, எலும்புக்குள் சாதாரண நெயிலை இறக்கி, வெளியே தொடையைச் சுற்றி வளையச் சட்டம் மாட்டுவது. நெயில் என்பது எலும்பின் குழலுக்குள் போகும் உலோகத் தண்டு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்காரர்களுக்கு முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும். இரண்டாவது, நாங்கள் கிளிக் நெயில் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த இரண்டு குழாய்கள். தொடை எலும்பை நடுவில் வெட்டிவிட்டு அதை இறக்குவார்கள். முழங்காலை மடக்கி, கீழ்க்காலை வெளிப்பக்கம் ஒரு குறிப்பிட்ட அளவு திருப்பிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால், உள்ளே பல் ஒன்று ஏறும். கிளிக் என்று சத்தம் வரும். பதினைந்து கிளிக் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். அந்த இடைவெளியில் புது எலும்பு வளரும். மூன்றாவது மோட்டார் நெயில். தோலுக்கு மேலே ஒரு கருவியை வைத்தால் உள்ளே மோட்டார் ஓடி எலும்பைத் தள்ளும். யாரும் காலைத் திருப்ப வேண்டாம். ஆனால் ஐரோப்பாவிலிருந்து வரவழைக்க வேண்டும், பல மாதம் காத்திருக்க வேண்டும், விலையும் மற்ற இரண்டையும்விடப் பல மடங்கு.

ஒப்பீட்டு அட்டவணை போடும் வேலையைச் சர்ஜன் என்னிடம் கொடுத்திருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டோடு பேசிக்கொண்டிருக்கப் போவது நான் என்பதால். பதினொரு பத்தி போட்டேன். நெயிலின் பருமன், எவ்வளவு எடை தாங்கும், கிருமி தொற்றும் வாய்ப்பு, வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடியுமா, பிறகு எடுப்பது சுலபமா என்று போயிற்று. கடைசிப் பத்தி “வீட்டில் உதவி”. அதில், “தந்தை. நிதானமானவர். பதிவு எழுதும் பழக்கம் உள்ளவர்” என்று எழுதினேன். கிளிக் நெயில் என்று என் பரிந்துரை. சர்ஜன் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

தேதி போட்டுக் குறித்துவைப்பவர்களை எனக்குப் பிடிக்கும். என் தப்பு அங்கேதான் தொடங்கியது.

ஆபரேஷன் ஜூலைக் கடைசியில் நடந்தது. ஒரு வாரம் கழித்துத் திருப்ப ஆரம்பித்தோம். முதல் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் நானே திருப்பினேன். அப்பா பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டார். ஒரு கை முழங்காலைப் பிடிக்க வேண்டும், மறு கை கணுக்காலை. வலிக்கும். வலிக்காது என்று யாருக்கும் சொல்லாதீர்கள். “ரொம்ப வலிக்குதா?” என்று கேட்டால் கோமதி பல்லைக் கடித்துக்கொண்டு, “ஹவ், ஆமா மேம். கேக்காதீங்க, திருப்புங்க,” என்பாள். நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம்.

ஏழாம் நாள் எக்ஸ்ரேவுக்கு வர வேண்டும். அன்று பெரிய மழை. மௌலா அலியிலிருந்து வரும் வழியெல்லாம் இடுப்பளவு தண்ணீர் என்று அப்பா போன் செய்தார். இந்தக் காலை வைத்துக்கொண்டு ஆட்டோவில் எப்படி வருவது என்றார். நான் நோட்டை வாசிக்கச் சொன்னேன். நாலாம் நாள் பதினைந்து, ஐந்தாம் நாள் பதினைந்து என்று வாசித்தார். வேளைக்கு வேளை, தேதியோடு. கேட்கவே எனக்குத் திருப்தியாக இருந்தது. மழை விட்டதும் வாருங்கள் என்று அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போட்டேன். சர்ஜனிடமும் கேட்கவில்லை. நோட்டு இருக்கிறதே என்று நினைத்தேன்.

பதினாலாம் நாள் வந்தார்கள். எக்ஸ்ரே எடுத்து இடைவெளியை அளந்தேன். பதினாலு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இருந்தது. அளவுகோலை மாற்றி மறுபடி அளந்தேன். ஆறுதான். அதைவிட மோசம், அந்த இடைவெளியின் ஓரத்தில் வெள்ளையாக எலும்பு கட்ட ஆரம்பித்திருந்தது. மெதுவாக இழுத்தால் எலும்பு நமக்காகக் காத்திருக்காது. இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் மறுபடி ஆபரேஷன் தியேட்டர், மறுபடி வெட்டு. அந்தப் பெண் பட்டதெல்லாம் முதலிலிருந்து.

எக்ஸ்ரேவைக் கையில் பிடித்துக்கொண்டு அறைக்கு வெளியே இருந்த நடைக்கு வந்தேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சக்கர நாற்காலியில் கோமதி, அவளுக்குப் பின்னால் அம்மா. வேறு நோயாளிகளும் இருந்தார்கள். உள்ளே கூப்பிட்டுப் பேசியிருக்க வேண்டும். நான் நின்ற இடத்திலேயே கேட்டேன்.

“சார், இந்த நோட்டில் எழுதியிருக்கிறதெல்லாம் நிஜமாகவே நடந்ததா?”

அவர் எழுந்து நின்றார். கோபப்படவில்லை. முகம் மட்டும் வெளுத்துப்போயிற்று.

“மேடம், முப்பத்தொரு வருஷம் கையெழுத்துப் போட்டிருக்கேன். பாக்காத பார்ட்டுக்கு ஒரு நாளும் போட்டதில்ல. எம் பிள்ள கால் விஷயத்துல போடுவேனா?”

படம் ஆறு என்கிறது, நோட்டு பதினாலு என்கிறது, மனிதர் எதிரே நிற்கிறார். இரண்டு நிமிஷத்துக்கு முன்னால்வரை நோட்டை நம்பினேன். இப்போது படத்தைப் பார்த்ததும் மனிதரைச் சந்தேகப்பட்டேன். இரண்டையும் ஒரே அவசரத்தில் செய்தேன்.

பேசியது கோமதி. என்னைப் பார்க்காமல் தன் காலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“அப்பா நோட்டு தப்பில்ல மேம். நான் கிளிக் ஆச்சுன்னு சொன்னா அவர் ஒண்ணுன்னு எழுதுவார். சில வாட்டி ஆகல. ஆகலன்னு சொன்னா மறுபடி திருப்பணும்ல. அவர் கை நடுங்குது மேம். நான் ஆச்சுன்னு சொன்னாதான் கையை எடுக்கிறார்.”

அம்மா கோமதியின் தலைமுடியை ஒதுக்கிவிட்டார். ஒதுங்கியிருந்த முடியைத்தான் மறுபடி ஒதுக்கினார். அப்பா மெதுவாக உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம், “எனக்குக் காது மந்தம் மேடம். கம்ப்ரசர் பக்கத்துலயே நின்ன காது. கிளிக் கேக்காது. இவ சொல்லுததத்தான் எழுதுனேன். மொதல்லயே ஒங்ககிட்ட சொல்லியிருக்கணும்,” என்றார். பிறகு மகளிடம் திரும்பி, “ஏட்டி, நீ ஊரான் புரோகிராம்ல எல்லாம் தப்பு கண்டுபிடிக்கவ. ஒங்காலுக்கு மட்டும் பாஸ் போட்டுட்டியே,” என்றார். அவள் அழ ஆரம்பித்தாள். “அழ நக்கோ, அழாத,” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று அவளுடைய கோப்பில், “தந்தைக்குக் கேட்கும் திறன் குறைவு. கிளிக் எண்ணிக்கை நோயாளி சொல்லைக் கொண்டு எழுதப்பட்டது” என்று குறித்தேன்.

சர்ஜனிடம் ஓடினேன். அவர் யாரையும் திட்டுகிறவர் அல்ல. படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். இன்றைக்கே மயக்கம் கொடுத்துத் திருப்பிப் பார்ப்போம், திரும்பினால் தப்பித்தோம், திரும்பாவிட்டால் மறுபடி வெட்டத்தான் வேண்டும், வெட்டுவதற்கும் சேர்த்துச் சம்மதம் வாங்கி வாருங்கள் என்று தெலுங்கில் சொன்னார். சம்மதப் படிவத்தை அப்பாவிடம் நீட்டினேன். அவர் முழுக்கப் படித்தார். “மறு வெட்டு தேவைப்பட்டால்” என்ற வரியில் விரல் நின்றது. கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். நேரமும் போட்டார்.

அவர்களோடு நானும் வெளியே உட்கார்ந்திருந்தேன். வேறு வேலை இருந்தது, போகத் தோன்றவில்லை. ஏழாம் நாள் எக்ஸ்ரேவைத் தள்ளிப்போட்டது நான்தான், அன்றைக்கு எடுத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று சொன்னேன். நடையில் அப்படிக் கேட்டதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். சரி என்றா, போதும் என்றா, தெரியவில்லை. அம்மாதான் ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றி என் கையில் கொடுத்தார்.

நாற்பது நிமிஷம் கழித்துச் சர்ஜன் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு வந்தார். திரும்பிவிட்டது என்றார். முதல் இரண்டு முறை அசையவே இல்லை, மூன்றாவது முறை தியேட்டரில் எல்லாருக்கும் கேட்கும்படி சத்தம் வந்தது என்றார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் சர்ஜன் என்னைத் தனியே கூப்பிட்டு, நீங்கள் அந்த வீட்டுக்கு ஒரு முறை போயிருக்கலாம் என்று மட்டும் சொன்னார். முப்பது வருஷ வேலையில் எனக்குக் கிடைத்த கடிந்துரைகளில் மிக மெல்லியது அது. மறக்காததும் அதுதான்.

இரண்டு நாள் கழித்து அவளை வீட்டுக்கு அனுப்பிய அன்றே நானும் போனேன். மதிய வேளை. திருப்ப வேண்டிய நேரம் இரண்டு மணி. இரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது அம்மா பேசிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனார். உடனே மிக்ஸி ஓட ஆரம்பித்தது. அது நிற்கவே இல்லை.

“டெய்லி மூணு வேளை மேம்,” என்றாள் கோமதி. “நான் கத்துறது கேக்கக் கூடாதுன்னு. பக்கத்து வீட்டு ஆன்ட்டி என்ன இத்தனை சட்னின்னு கேட்டாங்களாம்.”

அந்த அறையில் எனக்கே எதுவும் கேட்கவில்லை. அங்கே நின்றபோதுதான் என் பதினொரு பத்திகளில் எது இல்லை என்று தெரிந்தது. திருப்புவது யார், சத்தத்தைக் கேட்பது யார், அந்த நேரத்தில் வீட்டில் மற்றவர்கள் எங்கே போவார்கள். மோட்டார் நெயிலுக்கும் கிளிக் நெயிலுக்கும் இடையே நான் எழுதியிருந்த வித்தியாசமெல்லாம் நெயிலைப் பற்றியது. இந்த மூன்றும் அதில் இல்லை.

திருத்தியது நான் அல்ல, அவர்கள் இரண்டு பேரும்தான். நான் சொன்னது ஒன்றே ஒன்று: கோமதி தானே திருப்பலாம், சில ஊர்களில் நோயாளிகளே செய்கிறார்கள், தசை இறுகாமல் இருக்கும் என்று. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முழங்காலை மடக்கி, கீழ்க்காலை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். திருப்பினாள். ஆனதா இல்லையா என்று அவளுக்கே சந்தேகம். வலியில் எதுவும் தெரியவில்லை என்றாள். அப்போது அப்பா, “இரு, நான் கை வச்சுப் பாக்கேன்,” என்றார். தொழிற்சாலையில் பேரிங் சரியாகச் சுற்றுகிறதா என்பதை விரலை வைத்துத்தான் பார்ப்பார்களாம். உள்ளங்கையை அவள் தொடையின் பக்கவாட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவள் மறுபடி திருப்பினாள்.

மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

“வந்துட்டு,” என்றார்.

“நெஜமாவா?”

“வந்துட்டுட்டி. அடுத்தது.”

அவர் கை நடுங்கவில்லை. வலியைக் கொடுக்கும் கையாக இல்லாதபோது அது ஆய்வாளர் கையாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது கிளிக்கில் ஒருமுறை “வரல” என்றார். அவள் முறைத்தாள். “வரலன்னா வரலதான். பாஸ் கெடையாது,” என்றார். மறுபடி திருப்பினாள். ஐந்து முடிந்ததும் அவர் நோட்டை எடுத்து எழுதினார். இப்போது இரண்டு பத்தி: திருப்பியது ஏழு, வந்தது ஐந்து. நான் கற்றுக்கொடுக்காத பத்தி அது. மிக்ஸியை நிறுத்தச் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. அம்மாவுக்கும் ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

அதன் பிறகு வாரம் தவறாமல் எக்ஸ்ரே. வாராவாரம் நோட்டும் படமும் ஒத்துப்போயின. செப்டம்பரில் நாற்பது மில்லிமீட்டர் வந்தது. எலும்பு முற்றப் பல மாதம் ஆயிற்று. 2007 கோடையில் கோமதி கடையில் வாங்கிய சாதாரணச் செருப்போடு எங்கள் நடையில் நடந்தாள். அதில் குதிகால் சத்தம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தது என்று அன்றைய குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

ஓய்வு பெறும் முன், 2013இல், காந்த நெயில் பற்றி எங்கள் பிரிவு யோசித்தபோது மறுபடி அட்டவணை போட்டேன். வெளியே ஒரு கருவியை வைத்தால் உள்ளே காந்தம் சுற்றும். திருப்ப வேண்டாம், கிளிக்கும் கிடையாது. என்னோடு வேலை செய்த இளைய தெரபிஸ்ட், “இதுக்கு எதுக்கு மேடம் யார் கைன்னு ஒரு பத்தி? மெஷின்தானே பாத்துக்குது,” என்றார். அந்தப் பத்தியை நான் எடுக்கவில்லை. கருவியைத் தலைகீழாக வைத்தால் எலும்பு நீளாது, நெயில் சுருங்கும். எந்தப் பக்கம் வைப்பது என்று பார்ப்பதற்கும் வீட்டில் ஒருவர் வேண்டும். அவர் யார், அந்த நேரத்தில் அவருக்கு எப்படி இருக்கும் என்று கேளுங்கள். முடிந்தால் போய்ப் பாருங்கள். எது நல்ல நெயில் என்ற உங்கள் கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்த பதில் இவ்வளவுதான்.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். 2008இல் கோமதியின் நெயிலை எடுத்தோம். எடுத்த பிறகு மயக்கம் தெளியும் அறையில் அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. நானும் அப்பாவும் அம்மாவும் வெளியே நடையில் இருந்தோம். ஒரு ஸ்ட்ரெச்சர் போய்க்கொண்டிருந்தது, யாரோ போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா சட்டென்று எழுந்தார்.

“பிள்ள கூப்பிடுதா,” என்றார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவுக்கும் கேட்கவில்லை. கதவைத் திறந்தேன். கோமதி கண் திறக்காமல், உதடு மட்டும் அசைய, அப்பா அப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதுதான் விழித்தாள் என்றார் நர்ஸ்.

தந்தைக்குக் கேட்கும் திறன் குறைவு என்று கோப்பில் நான் எழுதியது அவர் வாய்ச்சொல்லைக் கொண்டு. காது டாக்டரின் சீட்டோ பரிசோதனைத் தாளோ அதில் எதுவும் இல்லை. வீட்டில் திருப்பிய அந்தப் பதினொரு நாளும் அவருக்குக் கிளிக் கேட்டதா, மிக்ஸிச் சத்தத்தில் கேட்கவில்லையா, வராத கிளிக்கை மகளுக்காக வந்ததாக எழுதச் சம்மதித்தாரா என்று நான் கேட்டதில்லை. என் அந்தக் குறிப்பு உறுதி செய்யப்படாதது.